வானில் விளையும் வெண்பனி

நுழையும் முன்

மாணவர்களே! 'பனி' என்னும் சொல்லை நாம் எத்தனை இடங்களில் வழங்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். டிசம்பர் மாதக் காலையில் தில்லியில் பள்ளிக்குப் புறப்படும் மாணவனுக்கு எதிரே வரும் பேருந்து தெரிவதில்லை. "பனி மூடியிருக்கிறது" என்கிறான். மதுரைக்கு அருகே ஒரு சிற்றூரில் வைக்கோற்போரின்மேல் நீர்த்துளிகள் அரும்பியிருக்கின்றன. "இரவு நல்ல பனி" என்கிறார் பாட்டி. உதகையில் புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்திருக்கிறது, அதுவும் பனி. சிம்லாவில் வீட்டுக் கூரைகளும் தேவதாரு மரங்களும் வெண்ணிறப் போர்வைக்குள் மறைந்திருக்கின்றன, அதுவும் பனியே. சொல் ஒன்று, காட்சிகள் நான்கு. இவற்றுள் நான்காவதாகிய பனி எவ்வாறு பிறக்கிறது, எங்கிருந்து வருகிறது என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

நான்கு பனிகள்

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். இப்பெயர்களில் உள்ள பனி, இரவில் இலையிலும் புல்லிலும் அரும்பும் நீர்த்துளியையே குறிக்கும். தமிழகத்தின் சமவெளியில் வானிலிருந்து வெண்பனி பொழிவதில்லை. ஆகவே அதற்கெனத் தனிச்சொல் தேவைப்படவில்லை. இமயத்தின் அடிவாரத்திலும் தலைநகரிலும் இருந்துகொண்டு தமிழ் பயிலும் உங்களுக்கோ அந்த வேறுபாடு தேவைப்படுகிறது. எனவே நான்கையும் பிரித்தறிந்துகொள்வோம்.

மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானை நோக்கி இழக்கிறது. நிலத்தையும் இலைகளையும் தொட்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்போல் நீராவியைத் தாங்க இயலாது. மிகுதியான நீராவி இலையின்மேல் நீராகப் படிகிறது. இது பனித்துளி. படிய ஓர் இலை வேண்டும் என்றில்லாமல், நிலத்தை ஒட்டிய காற்றிலேயே நீராவி நுண்துளிகளாகத் திரண்டு மிதந்தால் அது மூடுபனி. புல்லின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிவிட்டாலோ, நீராவி நீராக மாறாமல் நேரே பனிக்கட்டியாகப் புல்லின்மேல் படிகிறது. உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் காணப்படும் உறைபனி இதுவே.

இம்மூன்றும் நிலத்தருகே தோன்றுபவை. "பனி விழுகிறது" என்று நாம் சொன்னாலும் இவற்றுள் எதுவும் வானிலிருந்து விழுவதில்லை. (அதனால் பேச்சு வழக்கை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. பாட்டி சொல்வது அழகிய தமிழ்தான்.) உண்மையிலேயே வானிலிருந்து விழுவது நான்காவது பனி. அது தரையிலிருந்து சில ஆயிரம் மீட்டர் உயரத்தில், மேகத்திற்குள் பிறந்து, காற்றில் மிதந்து இறங்கி வருகிறது. இப்பாடத்தில் அதனை வெண்பனி என்போம். அதன் ஒற்றைத் துண்டு பனித்துகள்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே நீக்கிவிடுவோம். வெண்பனி என்பது உறைந்துபோன மழைத்துளி அன்று. கோடைக்கால இடிமேகங்களில் நீர்த்துளிகள் மேலும் கீழுமாக வீசப்பட்டு, அடுக்கடுக்காக உறைந்து விழுவதை ஆலங்கட்டி என்கிறோம். ஆலங்கட்டி உருண்டையாக, கல்போல் கடினமாக இருக்கும். பனித்துகளோ தட்டையாக, இறகுபோல் எடையற்று, ஆறு முனைகளுடன் இருக்கும். ஏன் இவ்வேறுபாடு? பனித்துகள் பெரும்பாலும் நீராவியிலிருந்து நேரடியாக வளர்வது.

தூசியில் தொடங்கும் பயணம்

நீர் 0 டிகிரி செல்சியசில் உறையும் என்று அறிவியல் பாடத்தில் கற்றிருக்கிறீர்கள். குவளையில் உள்ள நீருக்கு அது பொருந்தும். மேகத்தில் உள்ள நுண்துளிக்கு அது அப்படியே பொருந்தாது. −10 டிகிரி குளிரிலும் மேகத்துளிகள் பல நீராகவே இருக்கின்றன. முற்றிலும் தூய நுண்துளியாயின் ஏறத்தாழ −38 டிகிரி வரைகூட உறையாமல் இருக்க வல்லது. இத்தகைய நீரை மீக்குளிர் நீர் எனலாம்.

குளிர்ந்த பின்னும் ஏன் உறைவதில்லை? நீர்மத்தில் மூலக்கூறுகள் ஒழுங்கின்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. உறைய வேண்டுமாயின் அவை ஓர் ஒழுங்கில் நிற்க வேண்டும். அந்த ஒழுங்கைத் தொடங்கிவைக்க ஒரு பிடிமானம் தேவை. பனங்கற்கண்டு செய்யும் முறையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காய்ச்சிய பாகில் நூல்களைத் தொங்கவிட்டு அசையாமல் வைத்துவிடுவார்கள். நாள்கள் செல்லச் செல்ல அந்நூலைப் பற்றிக்கொண்டே கற்கண்டுப் படிகங்கள் வளரும். மேகத்தில் நூலின் வேலையைச் செய்வது தூசி. பாலைவனத்திலிருந்து காற்று கொண்டுவந்த களிமண் துகள், மலர்களின் மகரந்தம், சிலவகை நுண்ணுயிரிகள் ஆகியவை மேகத்தில் மிதக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு ஒரு துளி உறைகிறது. பனித்துகளின் பிறப்பு இதுதான். தூய வெண்மைக்கு நாம் உவமையாகச் சொல்லும் பனியின் நடுவே பெரும்பாலும் ஒரு தூசி இருக்கிறது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி வளர்ச்சி. ஒரே மேகத்தில் உறைந்த படிகம் ஒன்றும் மீக்குளிர் நீர்த்துளிகள் பலவும் அருகருகே மிதக்கின்றன. பனிக்கட்டியின் மேற்பரப்பு மூலக்கூறுகளை இறுகப் பிடித்துவைக்கும். நீரின் மேற்பரப்பு அவற்றை எளிதில் விட்டுவிடும். ஆகவே சுற்றியுள்ள துளிகள் மெல்ல ஆவியாகிச் சிறுக்கின்றன; அந்த ஆவி முழுதும் படிகத்தில் வந்து படிகிறது. துளிகள் தேயத் தேயப் படிகம் வளர்கிறது. கண்டங்கள் நகர்கின்றன என்று கூறிப் புகழ்பெற்ற செருமானிய அறிஞர் ஆல்பிரட் வெகனர், மேகத்தில் நிகழும் இப்பரிமாற்றத்தையும் 1911ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார்.

ஏன் ஆறு முனைகள்?

இவ்வினாவை முறையாக எழுப்பியவர் ஜோகன்னஸ் கெப்ளர். கோள்களின் இயக்க விதிகளைக் கண்டறிந்த அதே கெப்ளர்தான். பிராக் நகரில் வாழ்ந்தபோது, தம் மேலங்கியில் விழுந்த பனித்துகள்கள் எல்லாம் ஆறு முனைகளுடன் இருப்பதைக் கண்டார். ஐந்தோ ஏழோ ஏன் இல்லை என்று வியந்தார். 1611ஆம் ஆண்டு தம்மை ஆதரித்த நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாக, இதைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு சிறுநூல் எழுதிக் கொடுத்தார். உருண்டைகளை நெருக்கி அடுக்கினால் ஆறு பக்க ஒழுங்கு தோன்றுவதை அவர் அதில் ஆராய்ந்தார். ஆயினும் முழு விடை அவருக்குக் கிட்டவில்லை. மூலக்கூறுகளைப் பற்றி எவரும் அறியாத காலம் அது. தமக்குப் புலப்படாததை வருங்காலத்து வேதியியலாருக்கு விட்டுவைப்பதாக அவர் ஒளிவின்றி எழுதினார். விடைக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று நமக்குத் தெரியும். நீரின் மூலக்கூறு ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது. ஹைட்ரஜன்கள் இரண்டும் நேர்கோட்டில் நிற்பதில்லை. ஆக்சிஜனோடு ஏறத்தாழ 104.5 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்கின்றன. உறையும்போது ஒவ்வொரு மூலக்கூறும் தன்னைச் சுற்றி நான்கு மூலக்கூறுகளின் கைகளைப் பற்றுகிறது. இவ்வாறு கைகோத்து நிற்கும்போது ஆறு ஆறு மூலக்கூறுகள் கொண்ட வளையங்கள் உருவாகின்றன. தேனடையின் அறைகளைப்போல் அவ்வளையங்கள் தொடர்ந்து அமைகின்றன. ஆகவே முதலில் தோன்றும் படிகம், கண்ணுக்குத் தெரியாத அளவில், ஆறு பக்கங்கள் கொண்ட ஒரு சிறு பட்டகம்.

அந்த வளையங்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதையும் கவனியுங்கள். அதனால்தான் பனிக்கட்டி நீரைவிட அடர்த்தி குறைந்ததாய் நீரில் மிதக்கிறது.

பட்டகம் எப்படி ஆறு கைகள் உள்ள மலராகிறது? அதன் மூலைகள் ஆறும் பக்கங்களைவிடச் சற்று வெளியே நீண்டுள்ளன. காற்றில் உலவும் நீராவி முதலில் மூலைகளையே சென்றடைகிறது. மூலை வளர்கிறது, வளர்ந்ததால் மேலும் வெளியே நீள்கிறது, நீண்டதால் இன்னும் மிகுதியான நீராவியைப் பெறுகிறது. இப்படியே ஆறு மூலைகளும் ஆறு கைகளாகின்றன. கைகளின் ஓரங்களிலும் இதே நிகழ்ச்சி நடந்து கிளைகள் தோன்றுகின்றன.

ஆறு கைகளும் ஒன்றுபோல் வளர்வதைக் கண்டு, அவை தமக்குள் பேசிக்கொள்கின்றனவோ என்று தோன்றும். அப்படி எதுவும் இல்லை. துகள் முழுதும் சில மில்லிமீட்டர் அளவே உடையது. ஆறு கைகளையும் சூழ்ந்திருக்கும் காற்றின் வெப்பநிலையும் ஈரப்பதமும் ஒன்றே. துகள் மேகத்தின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்குச் சென்றால் ஆறு கைகளும் ஒரே நேரத்தில் அம்மாற்றத்தைச் சந்திக்கின்றன. எனவே ஆறும் ஒன்றுபோல் மாறுகின்றன.

படம் வரைவோர் பலர் இங்கே தவறிவிடுகின்றனர். புத்தாண்டு வாழ்த்து அட்டைகளிலும் கடைகளின் அலங்காரங்களிலும் எட்டு கைகள் உள்ள பனித்துகளைக் காணலாம். இயற்கையில் அவ்வாறு படிகம் வளர்வதில்லை.

வடிவம் சொல்லும் செய்தி

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்னும் சிற்றூரில் வில்சன் பென்ட்லி என்ற உழவர் வாழ்ந்தார். நுண்ணோக்கியையும் ஒளிப்படக் கருவியையும் ஒன்றாக இணைத்து, 1885ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், தம் பத்தொன்பதாம் வயதில், ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். அதன்பின் ஒவ்வொரு குளிர்காலத்திலும், வெப்பமூட்டாத கொட்டகையில் நின்று, மூச்சுக்காற்று பட்டு உருகிவிடாதபடி மூச்சை அடக்கிக்கொண்டு, வாழ்நாள் முழுதும் இப்பணியைத் தொடர்ந்தார். அவர் எடுத்த படங்கள் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒன்று மற்றொன்றைப் போல இருக்கக் காணவில்லை என்று அவர் கூறியதே, "எந்த இரு பனித்துகள்களும் ஒன்றுபோல் இரா" என்று உலகெங்கும் பரவியது.

பென்ட்லி கண்டது அழகு. அந்த அழகுக்குள் இருந்த கணக்கைக் கண்டவர் ஜப்பானிய இயற்பியலாளர் உகிச்சிரோ நாகாயா. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், குளிரூட்டிய ஆய்வறையில் பனிப்படிகத்தைத் தாமே வளர்த்துப் பார்க்க முனைந்தார். எந்த இழையில் தொங்கவிட்டாலும் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இறுதியில் முயலின் மயிரிழை ஒன்றின் நுனியில், 1936ஆம் ஆண்டு, ஒற்றைப் படிகம் வளர்ந்தது. மனிதர் உருவாக்கிய முதற்பனிப்படிகம் அதுவே. அதன்பின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் மாற்றி மாற்றி வடிவங்களைக் குறித்துவைத்தார்.

அவர் கண்ட முடிவு வியப்பானது. ஏறத்தாழ −2 டிகிரியில் தட்டையான அறுகோணத் தட்டுகள் வளர்கின்றன. சற்றே குளிர்ந்து −5 டிகிரியை அடைந்தால் தட்டுகள் மறைந்து, ஊசிகளும் தூண்களும் தோன்றுகின்றன. −15 டிகிரியில் மீண்டும் தட்டை வடிவம்; கிளைவிட்ட பெரிய விண்மீன் வடிவப் படிகங்கள் இந்நிலையில்தான் பிறக்கின்றன. அதற்கும் மிகக் கீழே குளிர்ந்தால் சிறு தட்டுகளும் தூண்களுமே கிடைக்கின்றன. காற்றில் ஈரப்பதம் குறைவாயின் கிளையற்ற எளிய வடிவமும், மிகுந்தால் கிளைகளும் உண்டாகின்றன.

இதன் பொருள் என்ன? கையில் விழுந்த படிகத்தைக் கண்ணாடி கொண்டு பார்த்தால், அது கடந்துவந்த மேகத்தின் நிலையை அறியலாம். நடுவில் அறுகோணத் தட்டும் ஓரத்தில் கிளைகளும் இருந்தால், அது முதலில் ஈரம் குறைந்த இடத்திலும் பின்பு ஈரம் மிகுந்த இடத்திலும் வளர்ந்தது என்று உணரலாம். ஒவ்வொரு துகளும் வெவ்வேறு வழியில் இறங்கி வருகிறது. ஆகவே ஒவ்வொன்றின் வடிவமும் வேறாகிறது.

ஆயினும் பனி பெய்யும் இடத்திற்குச் செல்வோர், விழுவதெல்லாம் அழகிய விண்மீன்களாகவே இருக்கும் என எதிர்பார்த்தால் ஏமாற்றம் அடைவர். பெரும்பாலான படிகங்கள் வழியில் மோதி உடைந்தவை; அல்லது பல ஒன்றாக ஒட்டிப் பஞ்சுப் பொதியாகியவை. முழுமையான ஆறு கைகள் உள்ள படிகத்தைத் தேடித்தான் காண வேண்டும்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

குளிர்காலத்தில் பூமி சூரியனை விட்டு விலகிச் செல்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. ஜனவரி மாதத் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் அத்தொலைவு 15.2 கோடி கிலோமீட்டர். குளிருக்குக் காரணம் தொலைவன்று. பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதே.

டிசம்பர் 21ஆம் நாள் நண்பகலில் தில்லியிலிருந்து பார்த்தால் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 38 பாகை உயரமே எழுகிறது. ஜூன் மாதத்திலோ 85 பாகை, அதாவது ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. சாய்ந்து விழும் ஒளி பரந்த நிலத்தில் சிதறுகிறது, பகற்பொழுதும் சுருங்குகிறது. அதே டிசம்பர் நாளில் கன்னியாகுமரியில் சூரியன் 58 பாகை உயரத்தில் நிற்கும். தெற்கே குளிர் மென்மையாக இருப்பது இதனால்தான்.

உயரமும் குளிரைத் தரும். மேலே செல்லச் செல்ல, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறைகிறது. தில்லி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 216 மீட்டர் உயரத்திலும் சிம்லா 2,200 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இந்த வேறுபாடே ஏறத்தாழ 13 டிகிரியைக் குறைத்துவிடுகிறது. ஒரே மேகம் தில்லியில் மழையாகவும் சிம்லாவில் வெண்பனியாகவும் பொழிவது இதனால் நேர்கிறது. தில்லியில் பெய்யும் மழைத்துளியும் மேகத்தின் உச்சியில் பனியாக இருந்து, கீழே வரும் வழியில் உருகியதாக இருக்கலாம்.

குளிர் மட்டும் போதாது

குளிர் இருந்தால் பனி பொழியும் என்பது அரைகுறை உண்மை. லடாக்கின் தலைநகர் லே, ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கால இரவுகளில் அங்கே நீர்க்குழாய்கள் உறைந்துவிடும். ஆனால் ஆண்டு முழுதும் அங்கே பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்து நீராகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். குளிருக்குக் குறைவில்லை, நீராவிதான் குறைவு. இடையிலே நிற்கும் மலைத்தொடர்கள் ஈரக்காற்றின் ஈரத்தை முன்னரே பெற்றுக்கொள்கின்றன.

இமயத்தில் குளிர்காலப் பனி பொழியத் தேவையான ஈரம் நெடுந்தொலைவிலிருந்து வருகிறது. மத்தியதரைக்கடல் பகுதியில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகள், வானின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் காற்றோட்டத்தோடு ஈரான், ஆப்கானித்தான், பாக்கித்தான் ஆகிய நாடுகளைக் கடந்து நம் வடமேற்கு எல்லையை அடைகின்றன. வழியில் காஸ்பியன் கடலிலிருந்தும் அரபிக்கடலிலிருந்தும் ஈரத்தைப் பெறுவதுண்டு. வானிலை அறிக்கையில் 'மேற்கத்திய இடையூறு' என்று வாசிப்பார்களே, அது இதுதான். பெயர்தான் இடையூறு, பஞ்சாபின் கோதுமை உழவருக்கும் காசுமீரத்தின் ஆப்பிள் தோட்டத்தாருக்கும் அது வரவேற்கத்தக்க விருந்தாளி. ஈரக்காற்று பீர் பஞ்சால் மலைத்தொடரில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகித் தன் சுமையை வெண்பனியாக இறக்கிவைக்கிறது. அது கடந்து சென்றபின் சமவெளியில் வானம் தெளிகிறது, காற்று அடங்குகிறது, மண் ஈரமாக இருக்கிறது. தில்லி மாணவன் பேருந்தைக் காண இயலாமல் நின்ற அந்த மூடுபனிக்கு இவையே ஏற்ற சூழல்.

காசுமீர மக்கள் டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைச் 'சில்லை கலான்' என்பர். அடுத்த இருபது நாள் 'சில்லை குர்த்'. அதன்பின் பத்து நாள் 'சில்லை பச்சா'. பெருங்குளிர், சிறுகுளிர், குழந்தைக்குளிர் என நாம் கூறலாம். நீண்ட 'பிரன்' அங்கிக்குள் தணல் நிறைந்த 'காங்கிரி' என்னும் கூடைச் சட்டியை வைத்துக்கொண்டு இந்நாள்களைக் கழிப்பார்கள். துன்பமான நாள்கள்தாம். ஆயினும் இந்த நாற்பது நாளில் பனி பொழியாவிட்டால்தான் அவர்கள் கவலைகொள்வர். இக்காலத்தில் விழும் பனி இறுகி நெடுநாள் தங்கும். பிந்தி விழும் பனி வெயிலேறியதும் விரைந்து உருகிவிடும்.

அக்கவலை 2024ஆம் ஆண்டு ஜனவரியில் உண்மையாயிற்று. பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்பெற்ற குல்மார்க் 2,600 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. சில்லை கலான் தொடங்கியும் அதன் சரிவுகள் பழுப்புநிறப் புல்லாகவே கிடந்தன. இரவில் கடுங்குளிர்தான், ஆனால் வலுவான மேற்கத்திய இடையூறு எதுவும் பல வாரங்களாக வரவில்லை. மாத இறுதியில்தான் பனி வந்தது. சறுக்கு விளையாட வந்தவர்கள் திரும்பிச் சென்றதைச் செய்தித்தாள்கள் படத்தோடு வெளியிட்டன. அதைவிடப் பெரிய கவலை ஓடைகளைப் பற்றியது.

மலையில் விழுந்த பனி ஒரு நீர்த்தேக்கம். புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றே. 10 சென்டிமீட்டர் பனியை உருக்கினால் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீர் கிடைக்கும். ஆனால் மழைநீரைப்போல் அது அன்றே ஓடிவிடுவதில்லை. குளிர்காலம் முழுதும் மலைமேல் கிடந்து, வயலுக்கு நீர் தேவைப்படும் வேனிற்காலத்தில் சிறிது சிறிதாக இறங்கி வருகிறது. அதில் அடைந்துள்ள காற்று கம்பளிபோல் வெப்பத்தைத் தடுப்பதால், பனிக்கடியில் உள்ள வேர்களும் கடுங்குளிருக்குத் தப்புகின்றன.

குவிந்த பனியால் இடரும் உண்டு. சரிவுகளில் அடுக்கடுக்காக விழுந்த பனிக்குள் படிகங்கள் நாளடைவில் உருமாறுகின்றன. சில அடுக்குகளில் அவை ஒன்றையொன்று பற்றாத பெரிய மணிகளாகிவிடும். அவ்வடுக்கின்மேல் புதுப்பனியின் சுமை ஏறும்போது, மேலடுக்கு முழுதும் வழுக்கிப் பனிச்சரிவாகிறது. சண்டிகரில் உள்ள பாதுகாப்புத்துறை ஆய்வகம் மலைப்பகுதிகளின் பனியடுக்குகளை ஆராய்ந்து, பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது.

லடாக் உழவர் வாற்கோதுமையை ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கின்றனர். உயரத்தில் உள்ள பனியாறுகளோ ஜூன் மாதத்தில்தான் நன்கு உருகுகின்றன. இடைப்பட்ட நாள்களில் வயலுக்கு நீர் இல்லை. இதற்கு ஒரு வழி கண்டவர் செவாங் நோர்பெல் என்னும் பொறியாளர். குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடைநீரை, ஊருக்கு அருகே நிழலான பள்ளத்தாக்கில், கற்சுவர்களால் தடுத்துப் பரப்பி, அடுக்கடுக்காக உறைய வைத்தார். தாழ்வான இடத்தில் இருப்பதால் அது விதைப்புக் காலத்திலேயே உருகும். இப்பணிக்காக அவருக்கு 2015இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. பின்னர் சோனம் வாங்சுக், குழாயில் வரும் ஓடைநீரைப் பீய்ச்சி, கூம்பு வடிவப் பனிக்குன்றுகளை எழுப்பினார். கூம்பில் வெயில் படும் பரப்புக் குறைவு. ஆகவே மெல்ல உருகும். இம்முறைகள் நீரைப் புதிதாக உண்டாக்குவதில்லை. கிடைத்த நீரைத் தேவையான மாதத்திற்குத் தள்ளிவைக்கின்றன. ஓடையில் நீர் வேண்டுமாயின் மேலே எங்கோ பனி விழுந்திருக்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

அரும்புதல் – துளிர்த்தல், தோன்றுதல்
பட்டகம் – ஒரே அளவான இரு முனைப்பரப்புகளும் தட்டையான பக்கங்களும் கொண்ட திண்ம உருவம்
தணல் – நெருப்புத் துண்டு, கங்கு
மீக்குளிர் நீர் – உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத நீர்
வாற்கோதுமை – பார்லி
வேனில் – வெயிற்காலம்

செய்து பார்ப்போம்

1. சதுரத் தாள் ஒன்றை மூலைவிட்டமாக மடித்து முக்கோணமாக்குக. நீண்ட பக்கத்தின் நடுப்புள்ளியை மையமாகக் கொண்டு அதனை மூன்று சம பாகங்களாக, ஒன்றன்மேல் ஒன்றாக மடிக்க. கோணமானி கொண்டு ஒவ்வொரு பாகமும் 60 பாகை உள்ளதா என்று பார்க்க. பின்பு அதனை மீண்டும் பாதியாக மடித்து, ஓரங்களில் விரும்பியவாறு வெட்டி விரிக்க. எத்தனை முனைகள் கிடைக்கின்றன? மூன்றாக மடிப்பதற்கு மாறாக நான்காக மடித்திருந்தால் எத்தனை கிடைக்கும்?

2. உலர்ந்த தகரக் குவளையில் நொறுக்கிய பனிக்கட்டி மூன்று பங்கும் உப்பு ஒரு பங்கும் இட்டுக் கலக்குக. சிறிது நேரத்தில் குவளையின் வெளிப்புறத்தில் என்ன படிகிறது என்று உற்றுநோக்குக. ஈரக்கையால் குவளையைத் தொடவேண்டா; விரல் ஒட்டிக்கொள்ளும். படிந்தது பனித்துளியா, உறைபனியா? உப்பு இடாமலும் ஒருமுறை செய்து ஒப்பிடுக.

3. பனி பொழியும் ஊரில் வாழ்வோர், கறுப்புத் துணி ஒன்றைச் சிறிது நேரம் வெளியே வைத்துக் குளிரச் செய்து, அதில் விழும் பனித்துகள்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து வரைக. துணியைக் குளிரவைப்பது ஏன்?

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. முன்பனிக்காலத்திற்குரிய மாதங்கள் ________, ________.
2. கெப்ளர் பனித்துகளைப் பற்றிய சிறுநூலை ________ மொழியில் எழுதினார்.
3. மனிதர் உருவாக்கிய முதற்பனிப்படிகம் ________ நுனியில் வளர்ந்தது.
4. கிளைவிட்ட விண்மீன் வடிவப் படிகங்கள் ஏறத்தாழ ________ டிகிரி செல்சியசில் பிறக்கின்றன.

ஆ. சரியா, தவறா எனக் கூறி, தவறாயின் திருத்தி எழுதுக.
1. வெண்பனி என்பது உறைந்த மழைத்துளி.
2. ஜனவரி மாதத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது.
3. லே நகரில் குளிர் மிகுதியாக இருப்பதால் பனிப்பொழிவும் மிகுதி.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பனித்துளி, மூடுபனி, உறைபனி ஆகியவற்றை வேறுபடுத்துக.
2. மேகத்தில் தூசியின் பணி யாது?
3. பனித்துகளின் ஆறு கைகளும் ஒன்றுபோல் வளர்வது ஏன்?
4. சில்லை கலான் காலத்தில் பனி பொழியாவிட்டால் காசுமீர மக்கள் கவலைகொள்வது ஏன்?

ஈ. விரிவாக விடை எழுதுக.
1. "குளிர் மட்டும் போதாது" என்னும் தலைப்பு, லே, குல்மார்க் ஆகிய இரண்டு ஊர்களுக்கும் எவ்வாறு பொருந்துகிறது? விளக்குக.
2. நடுவில் கிளைகளும் ஓரத்தில் தட்டையான அறுகோணமும் கொண்ட ஒரு படிகம் உங்களுக்குக் கிடைத்தால், அது கடந்துவந்த வழியைப் பற்றி என்ன ஊகிப்பீர்கள்?

உ. பிரித்து எழுதுக.
வெண்பனி, நீராவி, அறுகோணம், பெரும்பொழுது, பனித்துகள்

ஊ. பொருள் வேறுபாடு அறிந்து தொடரில் அமைக்க.
1. பனி – பணி
2. துளி – துலி என எழுதுவது சரியா? அகராதியில் பார்த்து எழுதுக.
3. அலை – அளை – அழை

எ. உங்கள் ஊரில் பேசப்படும் மொழியில் பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி, ஆலங்கட்டி ஆகிய ஐந்திற்கும் வழங்கும் சொற்களைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. அம்மொழியில் ஐந்திற்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளனவா?